கிளி பேசுகிறது, சிம்பன்சி ஏன் பேசவில்லை?

சிம்பன்சிக்கு உதடு இருக்கிறது, பல் இருக்கிறது, நன்றாகப் புரளும் நாக்கும் இருக்கிறது. உயிரினங்களிலேயே நமக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுவும் போனபோ குரங்கும்தான். ஆனாலும் ஒரு சொல்லைக்கூட அதனால் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. கிளிக்கோ உதடும் இல்லை, பல்லும் இல்லை. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அது பாட்டுக்கு நாம் சொல்வதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறது.

"விலங்குகள் ஏன் பேசுவதில்லை?" என்று குழந்தைகள் கேட்டால், "அவற்றுக்கு நம்மைப் போலத் தொண்டை இல்லை" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பதில் சரியென்றால் கிளி ஊமையாக இருக்க வேண்டும், சிம்பன்சி கதை சொல்ல வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. ஆகவே காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். அந்தத் தேடல் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் விலங்கைப் பற்றிக் கேட்ட கேள்வி பாதி வழியில் நம்மைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

நாய் குரைக்கும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், காகம் கரையும், வண்டு முரலும். ஒவ்வொன்றின் குரலையும் தனித்தனியாகக் காது கொடுத்துக் கேட்டு வைத்த சொற்கள் இவை. கிளிக்கும் மைனாவுக்கும்தான் 'பேசும்' என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குரல் எழுப்புவது ஒன்று, செய்தி தெரிவிப்பது இன்னொன்று, மொழி என்பது மூன்றாவது. மூன்றும் நம்மிடம் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் ஒன்றென்றே நினைத்துவிடுகிறோம். விலங்குகளிடம் அவை பிரிந்து கிடக்கின்றன.

செய்தியிலிருந்து தொடங்குவோம். செய்தி சொல்லாத விலங்கே இல்லை. ஆனால் அதற்குக் குரல்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஓர் எறும்பு இரையைக் கண்டுபிடித்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பும்போது, வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளைத் தடவிக்கொண்டே வரும். அடுத்த எறும்பு அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு போகும். அங்கே இரை இருந்தால் திரும்பும் வழியில் தானும் தடவும், தடம் இன்னும் அழுத்தமாகும். இரை தீர்ந்துபோனால் தடவ ஆளில்லை. பழைய தடம் காற்றில் கரைந்து போய்விடும். காலாவதியான செய்தி தானாகவே அழிந்துவிடும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

இப்படி ஓர் உயிர் வெளியிட்டுத் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் நடத்தையை மாற்றும் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். அந்தப் பெயர் பிறந்தது 1959இல். அதே ஆண்டில், ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் பட்டுப்பூச்சியின் பெண் அந்து ஆணை அழைக்க விடும் மணப்பொருள் என்ன என்று அறிவித்தார். அவரும் அவருடைய குழுவினரும் சுமார் 20 ஆண்டு உழைத்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பெண் அந்துகளின் சுரப்பிகளைச் சேகரித்தும் கைக்கு வந்தது சில மில்லிகிராம்தான். ஆண் அந்துக்கோ அதில் கண்ணுக்கே தெரியாத துளி போதும், காற்றை எதிர்த்துப் பறந்து வந்துவிடும்.

மின்மினி ஒளியில் அழைக்கிறது. கணவாய் தோலின் நிறத்தை நொடியில் மாற்றிக் காட்டுகிறது. கலங்கல் நீரில் வாழும் சில மீன்கள் மின்துடிப்பு விட்டு ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. இவற்றைப் பற்றியெல்லாம் தனித்தனியாக எழுதலாம். ஆனால் நம் கேள்விக்குத் தேனீதான் மிகவும் உதவும், அதனிடம் கொஞ்சம் நிற்போம்.

தேனீயின் கூடு உள்ளே இருட்டு. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல் ஆடத் தொடங்கும். உடலை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு ஒரு நேர்கோட்டில் ஓடும், வளைந்து தொடங்கிய இடத்துக்கு வரும், மறுபடி ஓடும். ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃபிரிஷ் பல பத்தாண்டுகள் கூர்ந்து பார்த்து இந்த ஆட்டத்தைப் படித்துவிட்டார். நேர் மேலே ஓடினால் 'சூரியன் இருக்கும் திசையில் போ' என்று பொருள். செங்குத்துக்கு வலப்புறமாக 60 பாகை சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்புறம் 60 பாகை. உதறும் நேரம் தொலைவைச் சொல்கிறது, ஒரு நொடி உதறினால் தோராயமாக ஒரு கிலோமீட்டர். வெளியே சூரியன் நகர நகர, உள்ளே இருட்டில் ஆடும் தேனீ கோணத்தையும் திருத்திக்கொள்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றி, அது எங்கே என்று இன்னொருவருக்குச் சொல்கிறது ஒரு பூச்சி. இதை மொழி என்றே சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஃபான் ஃபிரிஷ் குழு இன்னொரு சோதனையும் செய்தது. ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்தார்கள். கோபுரத்தின் மேலே சர்க்கரைக் கரைசலை வைத்துச் சில தேனீக்களை அங்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். அவை இறங்கி வந்து உற்சாகமாக ஆடின. ஆட்டத்தைப் பார்த்த மற்ற தேனீக்கள் கிளம்பிப்போய் நிலமட்டத்தில் சுற்றுப்புறமெல்லாம் தேடின. ஒன்றுகூட நிமிர்ந்து மேலே போகவில்லை. தேனீயின் ஆட்டத்தில் 'மேலே' என்பதற்குச் சொல் இல்லை. பூக்கள் வானத்தில் பூப்பதில்லை, அதனால் அந்தச் சொல் அதற்குத் தேவைப்பட்டதே இல்லை.

தேவை வந்த அன்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கிக்கொள்ள அதற்கு வழியும் இல்லை. நமக்கு இருக்கிறது. 'கோபுரத்து உச்சியில்' என்று பழைய இரண்டு சொற்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பாலூட்டிகளுக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளுக்கு மூன்று பெரிய பகைகள்: சிறுத்தை, கழுகு, பாம்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கைக் குரல் வைத்திருக்கின்றன. கென்யாவின் அம்போசெலியில் ராபர்ட் சைஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் அந்தக் குரல்களைப் பதிவுசெய்து, மறைவில் வைத்த ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரல் கேட்டால் குரங்குகள் மரத்துக்குத் தாவின. கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்துப் புதருக்குள் ஒதுங்கின. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று தரையை ஆராய்ந்தன. அங்கே சிறுத்தையும் இல்லை, கழுகும் இல்லை, பாம்பும் இல்லை, குரல் மட்டும்தான். 1980இல் இது வெளிவந்தபோது, குரங்குகளிடம் சொற்கள் இருக்கின்றன என்று பலர் மகிழ்ந்தார்கள்.

குட்டிகள் முதலில் தப்புத் தப்பாகக் கத்துவது இன்னும் அழகு. உதிர்ந்து விழும் இலையைப் பார்த்துக்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும். பெரியவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். உண்மையான கழுகு என்றால் அவையும் சேர்ந்து கத்தும். அதைப் பார்த்துப் பார்த்தே எதற்குக் கத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்தக் குரலையே கற்றுக்கொள்கிறதா? செனகல் நாட்டில் வெர்வெட்டுக்கு நெருங்கிய சொந்தமான பச்சைக் குரங்குகள் வாழ்கின்றன. கழுகைக் கண்டு அவை தனியாக ஒரு குரல் எழுப்பியதாக அதுவரை பதிவில்லை. ஆய்வாளர்கள் அவற்றின் தலைக்கு மேலே ஒரு டிரோனைப் பறக்கவிட்டார்கள். வாழ்நாளில் பார்த்திராத அந்தப் பொருளைக் கண்டதும் குரங்குகள் எழுப்பிய ஒலி, கிழக்கு ஆப்பிரிக்க வெர்வெட்டின் கழுகுக் குரலைப் பெரிதும் ஒத்திருந்தது. 2019இல் வெளியான இந்த ஆய்வு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. குரல் பிறவியிலேயே உள்ளே இருக்கிறது. எப்போது அதை எடுப்பது, பிறர் எழுப்பினால் என்ன செய்வது என்பவைதான் கற்றுக்கொள்பவை. குரங்கால் தன் குரல் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடிவதில்லை.

தொண்டைமேல் போட்ட பழி

சரி, ஏன் முடிவதில்லை? நீண்ட காலம் குற்றம் முழுவதும் தொண்டையின் தலையில்தான் விழுந்தது.

நம் குரல்வளை கழுத்தில் கீழே இறங்கி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது மேலேதான் இருக்கும், முதல் சில ஆண்டுகளில் மெல்லக் கீழிறங்கும். அப்படி இறங்குவதால் நாக்குக்குப் பின்னால் நீண்ட அறை ஒன்று கிடைக்கிறது. நாக்கை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தி அந்த அறையின் வடிவத்தை மாற்றினால் ஆ, ஈ, ஊ என்று வேறுவேறு உயிரொலிகள் பிறக்கின்றன. இதற்கு நாம் கொடுத்த விலையும் இருக்கிறது. சோறும் காற்றும் ஒரே சந்திப்பைக் கடந்து போக வேண்டியிருப்பதால் நமக்குப் புரையேறுகிறது, சில சமயம் உயிரே போகிறது. குரங்குகளின் குரல்வளை மேலே இருக்கிறது. 1969இல் ஃபிலிப் லீபர்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு குரங்கின் தொண்டையை அளந்து, அதனால் நம் உயிரொலிகளை எழுப்ப முடியாது என்று கணக்குப் போட்டார்கள். அது பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த அளவு இறந்த குரங்கின் உடலிலிருந்து எடுத்தது. உயிருள்ள குரங்கு தொண்டையை எவ்வளவு வளைக்கும் என்பதை அது காட்டாது. 2016இல் டெக்கம்சே ஃபிட்ச், ஆசிஃப் கசன்ஃபர் குழுவினர் எமிலியானோ என்ற மகாக் குரங்கு தின்னும்போதும், கொட்டாவி விடும்போதும், உதட்டை அடிக்கும்போதும் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதன் தொண்டை எடுக்கும் வடிவங்களைக் கணினியில் ஏற்றிப் பேசவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து உயிரொலிகள் தெளிவாக வந்தன. "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றையும் அந்தக் குரங்குத் தொண்டையின் வழியே கணினி சொல்லியது. கரகரப்பாக இருந்தாலும் புரிந்தது. உறுப்பு தயாராக இருக்கிறது, அதை இயக்க ஆள்தான் இல்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. செந்நிற மான்களில் ஆணுக்குக் குரல்வளை நிரந்தரமாகவே கீழே இறங்கித்தான் இருக்கிறது, முழங்கும்போது இன்னும் கீழே போகிறது. தன்னைப் பெரிய உருவமாகக் காட்டிக்கொள்ளத்தான் அது உதவுகிறது. எந்த மானும் இதுவரை பேசவில்லை.

தொண்டைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. குரங்குகளின் குரல் நாண்களின் ஓரத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அது கீச்சென்று உரக்கக் கத்த உதவும், ஆனால் குரல் நிலையில்லாமல் தாவும். மனிதனுக்கு அந்தச் சவ்வு மறைந்துவிட்டது என்று 2022இல் டகேஷி நிஷிமுரா குழு காட்டியது. ஓர் உறுப்பை இழந்ததால் நம் குரல் சீரானது. இது நம் பேச்சை மெருகேற்றிய காரணம். பேச்சே இல்லாமல் போனதற்கான காரணத்தைத் தேடினால் இன்னும் மேலே, மண்டைக்குள் போக வேண்டும்.

மண்டைக்குள் ஒரு கம்பி

நமக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. அழுகை, சிரிப்பு, வலியில் தானாக வெடிக்கும் அலறல் ஆகியவை மூளையின் ஆழத்தில் இருக்கும் பழைய பகுதிகளிலிருந்து வருகின்றன. பேச்சு, மூளையின் மேற்பரப்பான புறணியிலிருந்து வருகிறது. பக்கவாதத்தில் பேச்சை முழுவதும் இழந்த சிலரால் அழவும் சிரிக்கவும் முடிவது இதனால்தான். பேச்சுக் குரல் அணைந்தாலும் பழைய குரல் அணைவதில்லை.

மனித மூளையில் புறணியிலிருந்து குரல்வளையை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேரடியாக ஓர் இணைப்பு ஓடுகிறது. குரங்குகளில் அந்த நேரடி இணைப்பு இல்லை, சிம்பன்சி, போனபோ போன்ற மனிதக் குரங்குகளிலும் இருந்தால் மிக மெலிதாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள். கை விரலை நினைத்தபடி ஆட்டும் சிம்பன்சியால் குரலை நினைத்தபடி ஆட்ட முடியாததற்கு இதுவே பெரிய காரணம். அதன் குரல், உணர்ச்சியோடு கட்டப்பட்டது. அந்த உணர்ச்சி இல்லாமல் அந்த ஒலியை எழுப்புவது சிம்பன்சிக்கு ஏறக்குறைய முடியாத காரியம் என்று, காட்டுச் சிம்பன்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜேன் குடால் பதிவுசெய்திருக்கிறார். அவர் கவனித்த ஃபிகன் என்ற இளம் ஆண், வாழைப்பழம் கிடைத்த மகிழ்ச்சியில் கத்த, பெரிய ஆண்கள் ஓடிவந்து பழத்தைப் பறித்துக்கொண்டன. அடுத்த முறை சத்தத்தை அடக்கப் பார்த்தது, தொண்டைக்குள் ஒலி அடைத்துக்கொண்டு மெலிதாகக் கசிந்தது. நாம் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கப் படும் பாடு நினைவுக்கு வருகிறது.

1947இல் கீத் ஹேஸ், கேத்தரின் ஹேஸ் தம்பதி விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைப் பிள்ளையைப் போல வீட்டில் வளர்த்து, பேசக் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டார்கள். தொடக்கத்தில் அதன் உதட்டைக் கையால் பிடித்துக் கூட்ட வேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு வந்தவை 'மாமா', 'பாப்பா', 'கப்', 'அப்' என்ற நான்கு சொற்கள். அவையும் மூச்சிரைப்பது போலத்தான் ஒலித்தன. அந்தக் குட்டி முட்டாள் இல்லை. இல்லாத கம்பியின் வழியாக மின்சாரம் பாய்ச்சச் சொன்னது போல அதனிடம் கேட்டுவிட்டார்கள்.

இப்போது கிளிப் புதிரும் அவிழ்கிறது. கிளிக்கும் பாடும் பறவைகளுக்கும் ஓசனிச்சிட்டுகளுக்கும் முன்மூளையிலிருந்து குரல் உறுப்பை இயக்கும் நரம்பணுக்களுக்கு இதேபோல நேரடிப் பாதை இருக்கிறது. நம்மிடம் உருவானது வேறு, அவற்றிடம் உருவானது வேறு. பரிணாமம் ஒரே தீர்வைத் தனித்தனியாக எட்டியிருக்கிறது. பறவையின் குரல் உறுப்பு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. கிளி தன் தடித்த நாக்கையும் நகர்த்தி அந்த ஒலிக்கு வடிவம் கொடுக்கிறது. உதடு இல்லாதது அதற்கு ஒரு தடையாகவே இல்லை.

கேட்ட ஒலியைக் குரலில் பிடிக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சிலதான். அந்த மூன்று பறவைக் கூட்டங்கள், பாலூட்டிகளில் திமிங்கிலமும் டால்பினும், சீல்கள், வௌவால், யானை, பிறகு நாம். பட்டியலில் மனிதக் குரங்குகள் இல்லை! இவற்றில் பாடும் பறவையின் குஞ்சு நம் குழந்தையைப் போலவே முதலில் மழலை பேசுகிறது. வரிச்சிட்டுக் குஞ்சு தந்தையின் பாட்டைக் கேட்டு, உளறி, திருத்தி, சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பருவத்தில் பாட்டே கேட்காமல் வளர்ந்தால், பின்னால் அதன் பாட்டு கோணலாகவே இருக்கும்.

தென் கொரியாவில் கோஷிக் என்ற ஆசிய யானை, தும்பிக்கை நுனியை வாய்க்குள் விட்டு ஐந்து கொரியச் சொற்களைச் சொல்லும் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. 'உட்கார்', 'படு' ஆகியவையும் அதில் உண்டு. இளம் வயதில் ஐந்தாண்டுகள் வேறு யானையே இல்லாமல் மனிதர்களோடு மட்டும் இருந்த யானை அது. 'உட்கார்' என்று சொல்லிவிட்டு, கேட்டவர் உட்கார வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. துணையில்லாத யானை, பக்கத்தில் இருந்தவர்களோடு ஒட்டிக்கொள்ளவே அவர்களுடைய குரலை எடுத்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு இதைப் படித்தபோது வியப்பைவிட வருத்தம்தான் முதலில் வந்தது.

கையால் பேசவிட்டால்?

குரல் இல்லாவிட்டால் மொழி இல்லை என்று அர்த்தமா? நிச்சயமாக இல்லை. காது கேளாதவர்களின் சைகை மொழிகள், இலக்கணம், கவிதை, வாக்குவாதம் எல்லாம் கொண்ட முழு மொழிகள். நிகரகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளைப் பள்ளியில் ஒன்றாகச் சேர்த்தார்கள். சைகை மொழி எதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு புதிய மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சிறுவர்கள் அதை இன்னும் செழுமையாக்கினார்கள். மொழி தொண்டையில் குடியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் கையை நன்றாகப் பயன்படுத்தும் சிம்பன்சிக்குச் சைகையைக் கற்றுக்கொடுத்தால்? 1966இல் கார்ட்னர் தம்பதி வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 130 சைகைகள் கற்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ், நிம் என்ற சிம்பன்சிக்கு 125 சைகைகள் வரை கற்பித்து, காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரும்பாலான சைகைகள் ஆசிரியர் சற்று முன்பு செய்தவற்றின் எதிரொலியாக இருந்தன. நிம் செய்த மிக நீண்ட 'வாக்கியம்' 16 சைகைகள் கொண்டது: கொடு ஆரஞ்சு எனக்கு கொடு தின் ஆரஞ்சு எனக்கு தின் ஆரஞ்சு கொடு எனக்கு தின் ஆரஞ்சு கொடு எனக்கு நீ. ஆரஞ்சு வேண்டும் என்ற ஆசை நீண்டதே தவிர, சொன்ன செய்தி நீளவில்லை. 1979இல் அவர் இதை வெளியிட்டார்.

இந்த மாதிரிச் சோதனைகளில் ஏமாறுவது எளிது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றிருந்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதன் ரகசியத்தை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தன்னையறியாமல் மிகச் சிறிதாக அசையும், அதைப் பார்த்துக் குதிரை நிறுத்திவிடும். கணக்குத் தெரியாத குதிரை, மனித உடலைப் படிப்பதில் பெரும் புலமை பெற்றிருந்தது. வீட்டு நாய் "எல்லாம் புரிந்துகொள்கிறது" என்று நாம் நெகிழும்போதும் இதுதான் பெரிதும் நடக்கிறது.

புரிந்துகொள்வதில் விலங்குகள் நம்மைத் திகைக்க வைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். சேசர் என்ற நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தது. கன்சி என்ற போனபோவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தன் வளர்ப்புத் தாயான இன்னொரு போனபோவுக்கு, சொல்லுக்கு ஒரு குறி என்று வரைந்த பலகையில் ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்ததைப் பக்கத்தில் விளையாடிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டது. புதிதாகக் கேட்ட வாக்கியங்களில் பத்துக்கு ஏழை அது சரியாகச் செய்து காட்டியது, ஏறக்குறைய இரண்டு வயதுக் குழந்தையின் அளவு. அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியை ஐரீன் பெப்பர்பெர்க் 30 ஆண்டு பயிற்றுவித்தார். அது நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டால் பொருளைப் பார்த்துச் சரியாகச் சொன்னது. அலெக்ஸைப் பொறுத்தவரை 'கிளிப்பிள்ளை' என்ற நம் ஏச்சு பொருந்தாது.

ஆனாலும் கன்சி இரண்டு வயதைத் தாண்டவில்லை. குழந்தையோ மூன்று வயதில் நிற்காமல் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது?

ஒன்று, சேர்ப்பு. 'கல்', 'பல்', 'பால்', 'கால்': ஒலி ஒன்று மாறினால் பொருள் முழுவதும் மாறுகிறது, ஆனால் அந்த ஒலிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. பொருளற்ற சில ஒலிகளைச் சேர்த்து ஆயிரக்கணக்கான சொற்கள், சொற்களைச் சேர்த்து எண்ணற்ற வாக்கியங்கள். 'பூனை எலியைத் துரத்தியது', 'பூனையை எலி துரத்தியது': ஓர் 'ஐ' இடம் மாறியதும் உலகமே தலைகீழாகிறது. 'மழை வரும் என்று அவள் சொன்னதாக நீ நினைத்தது எனக்குத் தெரியும்' என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டே போகலாம். தேனீக்கு 'மேலே' என்று சொல்ல முடியாதது இந்தச் சேர்ப்பு இல்லாததால்தான்.

விலங்குகளிடம் சேர்ப்பின் சாயலே இல்லை என்று முன்பு சொல்லிவந்தார்கள். இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஜப்பானியப் பட்டாணிக் குருவிகளிடம் 'ஆபத்து, சுற்றிப் பார்' என்று ஒரு குரலும் 'இங்கே வா' என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் அந்த வரிசையில் சேர்த்தால் மற்றவை சுற்றிப் பார்த்துக்கொண்டே நெருங்கி வருகின்றன. வரிசையை மாற்றி ஒலிபரப்பினால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டோஷிடாகா சுசுகி 2016இல் இதைக் காட்டினார். விதை அங்கேயும் இருக்கிறது, அது இரண்டு இலையோடு நின்றுவிடுகிறது.

மற்றொன்று, எனக்கு இதுவே ஆழமான காரணமாகத் தோன்றுகிறது: சொல்ல வேண்டும் என்ற விருப்பம். ஒரு வயதுக் குழந்தை, பேச்சு வருவதற்கு முன்பே, விரலை நீட்டி நிலாவைக் காட்டும். அது நிலாவைக் கேட்கவில்லை. 'நீயும் பார்' என்கிறது. நாம் பார்த்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்தால் போதும், அதற்கு வேறெதுவும் வேண்டாம். மனிதரோடு வளர்ந்த மனிதக் குரங்குகளும் விரல் நீட்டும், பெரும்பாலும் 'அதை எடுத்துக் கொடு' என்பதற்காக. மைக்கேல் டொமசெல்லோ போன்ற ஆய்வாளர்கள் மொழியின் வேரை இங்கேதான் பார்க்கிறார்கள். காட்டுச் சிம்பன்சிகள், பாம்பைப் பார்க்காத தோழனுக்குத்தான் அதிகமாக எச்சரிக்கை தருகின்றன என்று உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே பிறர் அறியாததை உணர்வது முற்றிலும் நம் சொத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தேவையும் இல்லாமல், வெறுமனே பகிர்வதற்காகவே நாளெல்லாம் ஒலியெழுப்பும் உயிர் நாம்தான்.

மரபணுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையில் பாதிப் பேருக்கு இருந்த கடுமையான பேச்சுக் குறைபாட்டை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 'மொழி மரபணு கிடைத்துவிட்டது' என்று பத்திரிகைகள் எழுதின. அது எலியிலும் பறவையிலும் இருக்கிறது. சிம்பன்சியினுடையதோடு ஒப்பிட்டால் அது உண்டாக்கும் புரதத்தில் நமக்கு இரண்டே இடங்களில்தான் மாற்றம், அதே மாற்றம் நியாண்டர்தால்களிடமும் இருந்தது. பேச்சுக்கு அது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு மரபணுவை மாற்றிச் சிம்பன்சியைப் பேசவைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதுவரை நம் அளவுகோலை வைத்தே அளந்தோம். அவற்றின் பக்கம் போய் நின்றால் நாம்தான் செவிடு. 1984இல் கேட்டி பெய்ன், அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஏதோ அதிர்வதை உணர்ந்தார், காதுக்கு எதுவும் கேட்கவில்லை. பதிவுசெய்து வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, யானைகள் அங்கே இடைவிடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. யானையின் உறுமலில் ஒரு பகுதி அதற்கும் கீழே ஓடுகிறது, பல கிலோமீட்டர் போகிறது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யானைகளோடு பழகியும் இது நம் காதில் விழவே இல்லை.

டால்பின்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. அதை இன்னொன்று அப்படியே ஊதிக் காட்டினால் உரியது பதில் கொடுக்கும். யானைகளில் இன்னும் ஒரு படி மேலே. கென்யாவின் ஆப்பிரிக்க யானைகள் நூற்றுக்கணக்கான முறை எழுப்பிய உறுமல்களைக் கணினியில் ஆராய்ந்த குழு ஒன்று, ஒவ்வொரு யானையையும் அழைக்க மற்றவை தனித்தனிக் குரல் வைத்திருப்பதாக 2024இல் எழுதியது. அந்தக் குரல், அழைக்கப்படும் யானையின் குரலைப் போலச் செய்தது போலவும் இல்லை, நம் பெயர்களைப் போலத் தனியாக வைத்தது போலிருந்தது. பிறகு 17 யானைகளுக்கு ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். வேறொரு யானைக்கான அழைப்பு என்றால் பெரிதாக அசையவில்லை. தனக்கான அழைப்பு என்றால் விரைவாகக் குரல் கொடுத்துக்கொண்டு, ஒலி வந்த திசையில் நடந்து வந்தன.